பதினொன்றாம் எண் காருக்கு ஒரு கையெழுத்து

"குடுத்துட்டுப் போங்க சார். அடுத்த வாரம் அப்பாகிட்ட கையெழுத்து வாங்கி வைக்கறேன்" என்று அந்தப் பழைய பந்தயக் கார் ஓட்டுநரின் மகன் கை நீட்டினான். போல்ட்டுக்கடைக்காரர் படத்தைக் கொடுத்தாரே தவிர, நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "இருந்து வாங்கிட்டே போறேன் தம்பி. எனக்கு அவசரமே இல்ல" என்று காலை நீட்டிக்கொண்டார். முப்பது வருடம் கல்லாவில் உட்கார்ந்து பழகிய உடம்பு. உட்கார்ந்தால் எதிராளிக்குத்தான் முதலில் அலுக்கும். மகன் ஐந்து நிமிடம் சுவரைப் பார்த்தான், கைபேசியைப் பார்த்தான், கடைசியில் படத்தோடு உள்ளே போனான். போகிற போக்கில், "உள்ள வராதீங்க, அப்பாவுக்குப் புது ஆளுங்கன்னா ஆகாது" என்றான்.

போல்ட்டும் நட்டும் விற்கிற மனிதருக்கு ஐம்பது வயதுக்கு மேல் பிடித்த கிறுக்கு இது. பழைய பந்தயக் கார்களின் ஓவியங்கள். அச்சடித்தது கூடாது, தூரிகை பட்ட அசல் தாள் வேண்டும். அதில் இரண்டு கையெழுத்து வேண்டும்: வரைந்தவருடையது ஒன்று, அந்தக் காரை ஓட்டியவருடையது ஒன்று. ஒன்று குறைந்தாலும் அவர் கணக்கில் அது காலண்டர் தாள். வீட்டில் பதினான்கு மாட்டியிருந்தார். "ஓடாத வண்டிக்கெல்லாம் நம்ம வீடுதான் ஸ்டாண்டு" என்பாள் மனைவி. ஆனால் கண்ணாடித் தூசியை அவள்தான் துடைப்பாள், வேறு யாரையும் தொட விடமாட்டாள். இவரையும் சேர்த்து இப்படிக் கிறுக்குகள் ஊரில் ஆறு பேர். மாதம் ஒருமுறை மூக்குக்கண்ணாடி விற்கிறவரின் மாடியில் கூடுவார்கள். கையெழுத்து அசலா போலியா என்று தீர்ப்புச் சொல்வது இவர். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒரு "ம்" போட்டாரென்றால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

இப்போது கொண்டுவந்திருந்தது இந்த வீட்டுக் கிழவர் ஓட்டிய பதினொன்றாம் எண் கார், கொட்டுகிற மழையில். வரைந்த பெண் ஏழு மாதம் எடுத்துக்கொண்டாள். பாதித் தாள் மழையே. சாம்பலில் இத்தனை சாம்பல் உண்டு என்று அதைப் பார்க்கும்வரை இவருக்குத் தெரியாது. திடீரென்று அவருக்கு ஒன்று உறைத்தது. கையெழுத்தை அந்த மழையின் மேல் போட்டுத் தொலைத்தால்? இடது மூலையில் போடச் சொல்லவில்லையே! செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஓடினார்.

சாப்பாட்டு மேசையில் படம் கிடந்தது. மகன் மூடி கழற்றிய மைப்பேனாவோடு அதன் மேல் குனிந்திருந்தான். ஜன்னலோரம் கிழவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். விரல்கள் ஆடுகிற ஆட்டத்தில் பாதித் தோல் மடியிலும் பாதி தரையிலும் கிடந்தது.

"என்ன தம்பி இது?"

"உள்ள வரக்கூடாதுன்னு சொன்னேனே சார்."

"அது கிடக்கட்டும். பேனா யார் கையில இருக்கு?"

மகன் மறைக்கவில்லை. அதுதான் இவருக்கு இன்னும் எரிந்தது. "அப்பாவுக்குக் கை நடுங்குது. ஒன்பது வருஷமா நான்தான் போடறேன். சொந்த மகன்தானே சார், வெளி ஆளா?"

"உனக்குப் பதிலா நான் சாப்பிட்டா உன் வயிறு ரொம்புமா? அசல்னு முத்திரை குத்திச் சான்றிதழ் வேற குடுக்கறியே, வெக்கமா இல்ல?"

"கோபப்படாதீங்க. உங்க ஆளுங்க எல்லார் வீட்டுலயும் தொங்கறது என் கையெழுத்துதான். இப்ப அப்பா போட்டார்னா, அதைத்தான் போலின்னு சொல்வீங்க."

போலி என்ற சொல்லில் இவருக்குப் பழையது ஒன்று நினைவுக்கு வந்தது. நான்கு வருடத்துக்கு முன் கண்ணாடிக்காரர் மாடிக்கு ஒரு பெண்மணி வந்திருந்தாள். இந்தக் கிழவரின் காருக்கு மெக்கானிக்காக இருந்தவரின் மனைவி. புருஷன் போய் ஆறு மாதம். பழைய புடவையில் சுற்றிய ஒரு படத்தைப் பிரித்து வைத்தாள். இவர் பூதக்கண்ணாடியை எடுத்தார். இந்த மகனின் சான்றிதழோடு வாங்கிய தன் படத்தைப் பக்கத்தில் வைத்துக் கிழவரின் கையெழுத்தை ஒப்பிட்டார். "கோழி கிளறின மாதிரி இருக்கும்மா. போலி பண்றவனாவது கொஞ்சம் பழகிட்டுப் பண்ணியிருக்கலாம்" என்றார். மாடியே சிரித்தது. அவள் படத்தை மறுபடியும் அதே புடவையில் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனாள்.

"ஐயா" என்று ஜன்னல் பக்கம் திரும்பினார். "உங்க மெக்கானிக்குக்கு ஏதாவது படத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்களா?"

"ஆஸ்பத்திரியில" என்றார் கிழவர். "படுத்துக்கிட்டே படத்துக்கு அடியில அட்டையைப் பிடிச்சுக்கிட்டான். மெதுவாப் போடு, வளைவுல வேகம் வேணாம்னான். படவா, சாகப்போற நேரத்துலயும் எனக்கு வண்டி ஓட்டச் சொல்லித் தர்றான்." சிரித்து முடித்துவிட்டு மகனைப் பார்த்தார். "கை ஆடுதுன்னா என்னடா? போட மாட்டேன்னா சொன்னேன்? நீ கேக்கவே இல்லையே. கொண்டா பேனாவை."

"அப்பா, படம் கெட்டுடும். அப்புறம் இவர்தான் சண்டைக்கு வருவார்." மகன் இவர் பக்கம் திரும்பினான். "நீங்களே சொல்லுங்க சார். அவர் போட்டா என்னால சான்றிதழ் தர முடியாது. குடுத்தா மத்த எல்லாத்துக்கும் நான் பதில் சொல்லணும். நான் போட்டா அஞ்சே நிமிஷம், மூலையில அழகாப் போட்டுத் தர்றேன்."

போல்ட்டுக்கடைக்காரர் படத்தில் இருந்த மழையைப் பார்த்தார். மாடியில் கண்ணாடிக்காரர் இதைத் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவதும், மற்ற நான்கு பேர் நமட்டுச் சிரிப்புச் சிரிப்பதும் இங்கிருந்தே தெரிந்தது. ஒரு நொடி, அவரே மறுக்க முடியாத ஒரு நொடி, மூலையில் அழகாகப் போட்டதையே வாங்கிக்கொண்டு பேசாமல் போய்விடலாம் என்று தோன்றியது. தோன்றியதும் மகன் மேல் இருந்ததைவிடப் பெரிய ஆத்திரம் தன் மேல் வந்தது.

"பேனாவை அவர்கிட்ட குடுய்யா!" என்று கத்தினார்.

கிழவர் கையெழுத்துப் போட்டு முடிக்க நான்கு நிமிடம் ஆனது. இடது மூலையில்தான் தொடங்கினார். ஆனால் மூன்றாம் எழுத்தில் கை துள்ளி, கோடு மழைக்குள் ஏறி, எஞ்சின் மூடியைத் தொட்டு, பின் சக்கரத்தருகே போய்த்தான் நின்றது. கடைசிப் புள்ளியில் மை குண்டாகத் தேங்கியது. "பேர் படிக்கற மாதிரி இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்குங்கய்யா."

"பொய் சொல்றீங்க" என்று கிழவர் சந்தோஷமாகச் சொல்லிவிட்டு ஆரஞ்சுக்குத் திரும்பினார்.

மை காயவில்லை. சாய்த்தால் ஓடிவிடும். படத்தைத் தளும்பத் தளும்பத் தண்ணீர் நிறைந்த தட்டைப் போல இரண்டு கையிலும் ஏந்தி, ஒவ்வொரு படியாகக் காலால் துழாவித் துழாவி முற்றத்தில் இறங்கினார். செருப்பைத் தேடக்கூடக் குனிய முடியவில்லை. வெளிவாசல் இரும்புக் கதவின் கொண்டி இடுப்பு உயரத்தில் மாட்டியிருந்தது. மகன் வீட்டு வாசலில் கை கட்டிக்கொண்டு நின்றான், கதவைத் திறந்துவிட வரவில்லை. வெயில் நேராக அந்த மை மேல் விழுந்தது. போல்ட்டுக்கடைக்காரர் வெறுங்காலோடு கதவின் முன் நின்று, அந்தப் புள்ளியின் மேல் மெல்ல ஊதினார். அது ஒரு முறை நடுங்கிவிட்டு, விழாமல், அங்கேயே மினுமினுத்துக்கொண்டிருந்தது.