எட்டும் பச்சை

பல்கலைக்கழகத்தில் அவளை அவள் பேரால் யாரும் கூப்பிட்டு வெகுகாலமாகிவிட்டது. 'தடாக்கா' என்று கேட்டால்தான் வாசல் காவலாளிக்கே வழி சொல்லத் தெரியும்.

வெளிநாட்டுப் பயண அனுமதிப் பிரிவு என்று பலகை தொங்கும் அறையில் பன்னிரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். பல்கலைக்கழகத்தின் சார்பில் யார் விமானம் ஏறுவதானாலும் அவள் மேசையைத் தாண்டித்தான் ஏற வேண்டும். போகிற ஊரில் கலவரமா, தொற்றுக் காய்ச்சலா, தங்கும் விடுதிக்கு எத்தனை வாசல், பக்கத்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். ஒன்று சரியில்லையென்றாலும் 'தடா' என்று கோப்பு திரும்பிவிடும். "ரெண்டே நாள் மாநாடுக்கா, ப்ளீஸ்க்கா" என்று கெஞ்சினால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ரெண்டு நாள்ல எதுவும் ஆகாதுன்னு உனக்கு யாருப்பா எழுதிக் குடுத்தா?" என்பாள். வாய் கொஞ்சம் நீளந்தான். ஆனால் அவள் அனுமதித்த பயணத்தில் ஒருத்தருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. அந்தப் பெருமை அவளுக்கு நிறையவே இருந்தது.

அப்படிப்பட்டவள் எங்கே போய்ச் சறுக்கினாள் தெரியுமா? கணக்கெடுப்பில்.

மலை, காடு என்று ஃபோன் சிக்னல் இல்லாத இடத்துக்குப் போகிற ஒவ்வொருவர் கையிலும் தீப்பெட்டி அளவில் ஒரு கருவியைக் கொடுத்தனுப்புவார்கள். செயற்கைக்கோள் வழியாக வேலை செய்யும். அதில் ஒரு சின்னத் திரை, இரண்டே பொத்தான்: பச்சையை அழுத்தினால் நலம், சிவப்பை அழுத்தினால் உதவி வேண்டும். அந்த ஊரில் ஏதாவது அசம்பாவிதம் என்றால் தடாக்கா இங்கிருந்து கணக்கெடுப்பைத் தொடங்குவாள். எல்லார் கருவியும் ஒலிக்கும். ஒவ்வொருவரும் பதிலுக்கு அழுத்த வேண்டும். அரை மணிக்குள் பதில் வராத பெயர் திரையில் மஞ்சளாகி, நேரே மாடியில் பதிவாளர் அறைக்குப் போய்விடும்.

போகுமா, போனால் சும்மா இருப்பாரா மனுஷன்? மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு குழுவில் மூன்று பேர் கருவியைப் பையில் போட்டுவிட்டுக் குறட்டை விட்டுத் தூங்க, இங்கே மாடிக்கும் கீழுக்கும் ஓடி அவளுக்கு மூச்சு வாங்கியது. இன்னொரு தடவை ஒரு பையன் பச்சையை அழுத்திவிட்டுப் பேருந்தில் கருவிமேலேயே உட்கார்ந்து சிவப்பையும் அழுத்திவைக்க, அந்த நாட்டு மீட்புக் குழு இரண்டு வண்டியில் வந்து நின்றது. "நீங்க பிரிவு நடத்துறீங்களா, சர்க்கஸ் நடத்துறீங்களா?" என்று பத்துப் பேர் முன்னால் பதிவாளர் கேட்டார். அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கணினிப் பிரிவில் சொல்லி ஓர் ஏற்பாடு செய்தாள். குழுத்தலைவர் அழுத்தினால் மொத்தக் குழுவும் அழுத்தின மாதிரி. ஒருமுறை பதில் பதிவாகிவிட்டால், அந்தக் கணக்கெடுப்பை அவள் முடித்துவைக்கிறவரை மாற்ற முடியாது; பச்சைக்குப் பின் வரும் சிவப்பும் ஏறாது.

தலைவர் ஒவ்வொரு தலையையும் கண்ணால் பார்த்து எண்ணிவிட்டுத்தான் அழுத்த வேண்டும் என்று சுற்றறிக்கையில் இருந்தது. எழுதினவளே அவள்தான். ஆனால் ஃபோனில் என்ன சொன்னாள்? "சார், எண்ணிக்கிட்டெல்லாம் நிக்காதீங்க. கருவி கத்தினதும் எல்லாருக்கும் சேத்து நீங்களே தட்டி விட்டுடுங்க. அப்புறம் ஆற அமர எண்ணிக்கலாம்." எல்லாத் தலைவர்களிடமும் இதையேதான் சொன்னாள். அதற்குப் பிறகு திரையில் மஞ்சள் என்ற பேச்சே இல்லை.

அந்த வருஷம் நிலவியல் துறைப் பேராசிரியர் ஏழு மாணவர்களை அழைத்துக்கொண்டு வெளிநாட்டு மலைப்பிரதேசம் ஒன்றுக்குப் போனார். எந்நேரமும் பையில் பாறைத்துண்டு வைத்திருப்பதால் அவருக்குக் கல்லு சார் என்று பெயர். போய் ஆறாம் நாள் காலை பத்து மணிக்கு, அந்த மலையில் பெரிய மண்சரிவு என்று செய்தி வந்தது. பத்து பத்துக்குத் தடாக்கா கணக்கெடுப்பைத் தொடங்கினாள். பத்து பதினாலுக்கு எட்டுப் பேரும் ஒரே சமயத்தில் பச்சை.

"அப்பாடா!" என்று சத்தமாகவே சொன்னாள். மாடிக்கு ஃபோன் செய்தாள். "எட்டும் பச்சை சார்." பதிவாளர், "வெரி குட்" என்றார். அடுத்த நிமிஷம் அந்த நாட்டு மீட்புக் குழுவிடமிருந்து அழைப்பு. தங்கள் ஆட்கள் ஒரு மணி நேரத் தொலைவில் இருப்பதாகவும், விடுதிப் பக்கம் அனுப்பட்டுமா என்றும் கேட்டார்கள். "வேண்டாம், எங்க ஆட்கள் எல்லாரும் நல்லா இருக்காங்க" என்றாள். அவர்கள் வேறு யாரையோ மீட்கப் போய்விட்டார்கள்.

மத்தியானம் மூன்றரைக்குக் கல்லு சார், மலைக்கு வந்து சேர்ந்திருந்த அந்த நாட்டுப் போலீஸாரின் செயற்கைக்கோள் ஃபோனில் கூப்பிட்டார். அழுகையில் முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பாறை மாதிரிகள் எடுக்க அனுமதிச் சீட்டு வாங்குவதற்காக அன்று காலை அவர் மட்டும் அடிவாரத்து ஊருக்கு இறங்கியிருக்கிறார். கருவி ஒலித்தது அங்கேதான். சொல்லிக்கொடுத்தபடி தட்டிவிட்டார். பாதை துண்டாகியிருந்ததால் நடந்தே ஏறிப் பார்த்தால், எதிர்ச்சரிவில் வேலைக்குப் போன ஆறு மாணவர்கள் பத்திரம். ஒருத்திக்குக் காய்ச்சல் என்று விடுதி அறையிலேயே படுத்திருந்தாள். விடுதியில் பாதி இல்லை.

"நீங்கதானேம்மா சொன்னீங்க, தட்டி விட்டுடுங்கன்னு" என்றார்.

மறுநாள் காலை இடிபாட்டிலிருந்து அந்தப் பெண்ணை எடுத்தார்கள். உயிர் இல்லை.

மூன்றாம் நாள் தடாக்கா தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கணக்கெடுப்பின் முழுப் பதிவையும் திறந்தாள். அதில் அடியில் ஒரு பட்டியல் உண்டு. ஏற்கப்படாத பதில்கள் அதில் போய் விழும். யாரும் பார்ப்பதில்லை, அவளும் பார்த்ததில்லை. அதில் ஐந்து வரி இருந்தது. ஐந்தும் அந்தப் பெண்ணின் கருவியிலிருந்து. ஐந்தும் சிவப்பு. பத்து முப்பத்தொன்று, பத்து முப்பத்துமூன்று, பத்து ஐம்பத்திரண்டு, பதினொன்று இருபத்தேழு, பன்னிரண்டு ஐந்து. ஒவ்வொன்றுக்கும் பதிலாகக் கருவியின் சின்னத் திரைக்குப் போன வாசகம்: 'தங்கள் பதில் ஏற்கெனவே பதிவாகிவிட்டது. நன்றி.'

அந்த 'நன்றி'யைச் சேர்க்கச் சொன்னதும் அவள்தான். பாவி, மரியாதையாக இருக்கட்டும் என்று சேர்த்தாள்.

பட்டியலை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். பதிவாளர் படித்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். பெற்றோருக்கான அறிக்கை அதற்குள் தயாராகி நகலும் போய்விட்டிருந்தது. அதில் இருந்தது இதுதான்: மாணவி நலம் என்று பதில் அளித்த பின்னர், சரிவைக் கைபேசியில் படம் எடுப்பதற்காகத் தன்னிச்சையாக அருகில் சென்றிருக்கிறார்; உடனடியாக உயிர் பிரிந்தது.

"படம் எடுக்கப் போனான்னு யார் சார் சொன்னா?"

"யாரும் சொல்லல. இல்லன்னும் யாரும் சொல்லலியே." கண்ணாடியைத் துடைத்தார். "இங்க பாருங்க. அவங்க நாளைக்கு வர்றாங்க. அப்பா கையெழுத்து, உங்க கையெழுத்து, அதோட முடிஞ்சுது. உடனே போயிட்டா, கஷ்டப்படலங்கிறதுதான் அவங்களுக்கு இருக்கிற ஒரே ஆறுதல். அதையும் பிடுங்கணுமா?"

பூசி மெழுகுகிறார் என்று அவளுக்குத் தெரியாமலில்லை. ஆனால் கடைசியாகச் சொன்னது நெஞ்சில் போய்த் தைத்தது. மறுநாள் காலை, சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"வேலை போகும், கேஸ் வரும், அதை விடு. பாத்துக்கலாம். சொல்லிட்டா உனக்குப் பாரம் இறங்கும். அவங்களுக்கு ஏறும். அதை யோசிச்சியா?"

"ராத்திரி பூரா அதைத்தாங்க யோசிச்சேன்."

"என்னன்னு முடிவு பண்ணின?"

"தெரியலீங்க" என்றாள்.

பதினோரு மணிக்கு அந்தப் பெண்ணின் அப்பா வந்தார். லிஃப்ட் பழுது பார்க்கிறவர். விரலிடுக்கில் கிரீஸ் கறை போகவில்லை. உள்ளே அவர் மட்டுந்தான் வந்தார். பெண்ணின் அம்மா வெளியே நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"கையெழுத்தெல்லாம் நீங்களே போட்டுட்டு வந்துடுங்கன்னு சொல்லிட்டா மேடம். எழுத்தைப் பாத்தாலே அவளுக்கு மயக்கம் வருது."

அறிக்கையை மேசைமேல் விரித்தார். பேனாவைத் திறந்தார், போடவில்லை.

"ஒண்ணு கேக்கலாமா மேடம்?"

"கேளுங்க."

"இதுல எழுதியிருக்கிற பொண்ணு என் பொண்ணு மாதிரியே இல்ல. மொட்டை மாடில கைப்பிடிச் சுவர்ப் பக்கமே போக மாட்டா. நான் லிஃப்டுக் குழியில இறங்குற வேலைக்குப் போனா, திரும்பி வர்ற வரைக்கும் பத்து தடவை ஃபோன் பண்ணுவா. அவ போய் மலை சரியும்போது படம் எடுத்தான்னா…" நிறுத்தினார். "துக்கம் விசாரிக்க வர்றவங்க எல்லாம் இதையே சொல்றாங்க. அடக்கமில்லாத பொண்ணு, படம் எடுக்கப் போய் உயிரை விட்டுட்டான்னு. என் தம்பியே சொல்றான் மேடம். அவ அம்மாவும் இப்ப அவளைத்தான் திட்டுறா. திட்டிட்டு, கஷ்டப்படாமப் போயிட்டாளேன்னு ஒரு வாய் தண்ணி குடிக்கிறா. நீங்கதானே இதுக்கெல்லாம் பொறுப்பு? எழுதியிருக்கிறது சரியான்னு மட்டும் சொல்லுங்க. சரின்னு நீங்க சொன்னா இப்பவே போட்டுடறேன்."

தடாக்கா அறிக்கையின் கடைசி வரியைப் பார்த்தாள். எத்தனை பேரிடம் நறுக்கென்று பேசிய வாய்! சரிதான் என்று ஒரு வார்த்தை. அந்த அம்மா வீட்டுக்குப் போய் இன்னொரு வாய் தண்ணீர் குடிப்பாள். செத்துப்போன பெண் வந்து இல்லையென்றா சொல்லப்போகிறாள்? அவள்தான் ஐந்து தடவை சொல்லியிருக்கிறாளே என்று நினைத்ததும் தடாக்காவால் அதற்குமேல் முடியவில்லை.

"சரியில்லீங்க" என்றாள். "உங்க பொண்ணு எங்கயும் போகல. காய்ச்சல்ல அறையில படுத்திருந்தா. நல்லா இருக்கேன்னு அவ சொல்லல. அவ சொன்ன மாதிரி நாங்க பதிஞ்சுட்டோம். அப்படிப் பண்ணுங்கன்னு சொல்லிக்குடுத்தது நான்."

மேசை இழுப்பறையிலிருந்து பட்டியலை எடுத்து அவர் பக்கம் திருப்பி வைத்தாள். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துச் சொன்னாள். சிவப்பு என்றால் என்ன, எப்படித் திருப்பி அனுப்பப்பட்டது, மீட்புக் குழுவை வேண்டாம் என்று சொன்னது யார், எல்லாமே. ஒன்றையும் குறைத்துச் சொல்லவில்லை.

அவர் தாளை அருகில் இழுத்து, ஐந்து வரியையும் மறுபடி படித்தார். கத்துவார், கையை ஓங்குவார் என்று எதிர்பார்த்தாள். ஓங்கினால் தேவலை என்றுகூட இருந்தது.

"பன்னெண்டு அஞ்சு" என்றார். "அப்ப நான் வேலை முடிச்சுட்டு, அவ ஃபோன் வரலியே, அங்க சிக்னல் இல்ல போலன்னு நினைச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"என்னை மன்னிக்கச் சொல்லிக் கேக்க எனக்கு வாய் இல்லீங்க."

"கேக்காதீங்க." பேனாவை மூடினார். அறிக்கையை நாலாக மடித்து அவள் பக்கம் தள்ளிவிட்டுப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டார். கதவு வரை போனவர் நின்றார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"இதை நான் அவகிட்ட எப்படிச் சொல்றது? சொன்னா அவ தாங்க மாட்டா. சொல்லாட்டி ஆயுசுக்கும் பெத்த பொண்ணைத் திட்டிக்கிட்டே இருப்பா. என்னால ஆகாது." பட்டியலை அவளிடம் நீட்டினார். "எந்திரிங்க. நீங்களே வந்து சொல்லுங்க."

தடாக்கா எழுந்தாள். நடைபாதையில் அனுமதிக்காகக் காத்திருந்த நாலைந்து மாணவர்கள் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள். பெஞ்சின் கோடியில் உட்கார்ந்திருந்த அம்மா கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடம் விட்டாள்.

"கையெழுத்து ஆச்சா? உக்காரும்மா. உனக்கும் எங்களால எவ்வளவு அலைச்சல்."

தடாக்கா உட்காரவில்லை. அவள் எதிரே தரையில் மண்டியிட்டு, அந்தக் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டு சொன்னாள். முழுவதும் சொன்னாள். குழந்தைக்குப் பாடம் கேட்கிற மாதிரி, அம்மா ஒவ்வொரு நேரத்தையும் உதட்டுக்குள் திருப்பிச் சொல்லிக்கொண்டாள்.

"பன்னெண்டு அஞ்சு" என்றாள் கடைசியாக. "அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் அழுத்தலம்மா."

"நன்றின்னு வந்ததைப் படிச்சிருப்பா இல்ல?" என்று கேட்டாள் அம்மா. "அஞ்சு தடவையும் படிச்சிருப்பா."

"படிச்சிருப்பாம்மா" என்றாள் தடாக்கா.

அம்மா தன் கைகளை மெதுவாக உருவிக்கொண்டாள்.