சிவப்பு அம்பு

அன்புசெல்விக்கு உலகத்தில் பிடிக்காத பொருள் ஒன்று உண்டென்றால், அது விரல்நகம் அளவுள்ள சிவப்பு அம்பு ஸ்டிக்கர்தான். நெருப்பெரிச்சல் என்ற ஊரின் பனியன் கம்பெனியில் அவள் டெய்லர், ரோஸ்மேரி செக்கிங். தையல் கோணிய இடத்தில் அம்பை ஒட்டித் துணியைத் திருப்பி அனுப்புவாள் ரோஸ்மேரி. கண்ணா அது, கழுகா என்று அன்புசெல்வி பல்லைக் கடிப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை ரோஸ்மேரி உட்படக் கம்பெனி ஆட்கள் பத்துப் பேர் வனத்துறை வழிகாட்டியோடு அமராவதி அணைக்கு மேலே மலையேறினார்கள். உச்சியில் ஒரு பாறை. அங்கே நின்றால் ஆறு குடைந்த பெரும்பள்ளம் முழுக்கத் தெரியும். அன்புசெல்வி அமராவதி நகரில் பிறந்து, அந்தப் பாறையைக் கீழிருந்தே பார்த்து வளர்ந்தவள். கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து எட்டு மாதம். "உனக்கெதுக்கு மலை?" என்று வீடே தடுத்தது. சொந்தக் காலில் ஏறி ஒருமுறை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

பாதி மலையில் மூச்சு வாங்கியது. முடியவில்லை என்று சொல்ல ரோஷம் விடவில்லை.

"செருப்பு வார் அறுந்துபோச்சு. நீங்க முன்னால போங்க, கட்டிக்கிட்டு வர்றேன்."

மூச்சு அடங்கி எழுந்தபோது பேச்சுக் குரல் எதுவும் கேட்கவில்லை. நாலு எட்டு நடந்தால் பாதை இரண்டாகப் பிரிந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. போதும், இறங்கிவிடலாம் என்று திரும்பியவள் கண்ணில், இடதுபக்கப் பாறையில் பட்டது ஒரு சிவப்பு அம்பு.

"இங்கயுமா!" என்று சிரித்தே விட்டாள்.

அடுத்த திருப்பத்தில் ஒன்று, மரத்தில் ஒன்று. திட்டிக்கொண்டே ஏறினாள். உச்சிக்குச் சற்றுக் கீழே தண்ணீர் பாட்டிலும் ஸ்டிக்கர் தாளுமாக உட்கார்ந்திருந்தாள் ரோஸ்மேரி.

"வந்துட்டியா கண்ணு? எங்க, அறுந்த வாரக் காட்டு பாக்கலாம்."

அன்புசெல்வி முழுசாக இருந்த செருப்பைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"நான் கூட நின்னிருந்தா ரோசத்துல நீ திரும்பிப் போயிருப்பே. வா, பாரு."

கீழே அத்தனை ஆழத்தில் ஆறு, தறிகெட்ட நூலாகக் கிடந்தது. தூரத்தில் அணை. அதன் ஓரத்தில் அவள் பிறந்த ஊர். அன்புசெல்வி ரோஸ்மேரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்குப் புண்ணியமாப் போகுமுங்க்கா. நீங்க இல்லீன்னா இத நான் பாத்திருக்கவே மாட்டேனுங்க."

இறங்கும்போது ரோஸ்மேரி ஒவ்வொரு அம்பாக உரித்தெடுத்தாள். காட்டில் குப்பை போடக் கூடாதாம். ஒன்றை மட்டும் அன்புசெல்வி கேட்டு வாங்கி, மறுநாள் தன் மிஷினில் ஒட்டினாள்.

பத்து மணிக்கெல்லாம் முதல் பீஸ் திரும்பி வந்தது, கழுத்துத் தையலில் அம்போடு. வழக்கமாக வீசி எறிபவள், அம்பை மெல்ல உரித்து, மலையிலிருந்து வந்ததன் பக்கத்தில் ஒட்டினாள். தையலைப் பிரித்தபடி செக்கிங் மேஜையைப் பார்த்துக் கத்தினாள்:

"வழி தெரிஞ்சுதுங்க்கா!"