ஒரு நூல் மோவாய்

என் கணவரின் மோவாய் அவருடையது இல்லை என்பதை எனக்குச் சொன்னவர் ஒரு பல் டாக்டர். அதுவும் கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் கழித்து. கீழுதட்டுக்கு உள்ளே ஈறு வீங்கிச் சீழ் கட்டியிருந்தது, சொத்தைப் பல்லாக இருக்கும் என்று கூட்டிக்கொண்டு போயிருந்தேன். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த அந்த டாக்டரம்மா, அவரைக் கேட்டார்: "இதை எப்ப வச்சீங்க?"

"எதை?" என்று கேட்டது நான்தான். அவர் வாயைத் திறந்தபடி மேலே இருந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மோவாயில இம்பிளான்ட் இருக்கே, சிலிக்கோன் துண்டு. அது நகர்ந்து, பின்னாடி எலும்பை அரிச்சிருக்கு. கிருமியும் சேர்ந்துடுச்சு. எடுத்தே ஆகணும்." அப்புறம் என் பக்கம் திரும்பி, "ஏம்மா, உங்களுக்குத் தெரியாதா?" என்றார். பூமி பிளந்து என்னை அப்படியே விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது.

எனக்கு ஏன் அவ்வளவு அவமானம் என்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறோம். பாஸ்போர்ட் சைஸ், ஸ்டாம்ப் சைஸ், குடும்பப் படம் எல்லாம் உண்டு. அவர் படம் எடுப்பார், நான் கம்ப்யூட்டரில் டச்சப் செய்வேன். ஒரு நாளைக்கு நாற்பது முகமாவது என் கையில் பரு போய், கண்ணுக்குக் கீழே கருப்பு போய், பளிச்சென்று வெளியே போகும். ஒருவருடைய இடது புருவம் ஒரு நூல் மேலே இருந்தால் எனக்குப் பட்டென்று தெரிந்துவிடும். அப்பேர்ப்பட்ட கண்ணை வைத்துக்கொண்டு, தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற முகத்தில் இருந்த ஒட்டுவேலையைக் கண்டுபிடிக்கவில்லை.

ஸ்டூடியோ ஷட்டரைத் தூக்கி உள்ளே போனதும்தான் ஆரம்பித்தேன்.

"சொல்லுங்க."

அவர் வாடிக்கையாளர் உட்காருகிற ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். "கல்யாணத்துக்கு முன்னாடி உனக்கு ஒரு போட்டோ வந்துச்சே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. அதைப் பார்த்துத்தானே தலையாட்டினேன்."

"அதுல மோவாயை லேசா இழுத்துவிட்டிருந்தேன். அப்பதான் கம்ப்யூட்டர்ல இந்த வேலையெல்லாம் கத்துக்கிட்டிருந்தேன். சும்மா இழுத்துப் பார்த்தேன், நல்லா இருந்துச்சு. அதையே அனுப்பிட்டாங்க."

"அனுப்பிட்டாங்களா, அனுப்பினீங்களா?"

"அனுப்பினேன்." குரல் உள்ளே போய்விட்டது. "நீ சரின்னு சொல்லிட்ட. அப்புறம் நேர்ல வரணுமே!"

கேட்டீர்களா கதையை? வேறு யாராக இருந்தாலும், போட்டோ கொஞ்சம் நன்றாக விழுந்துவிட்டது என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். இவர் படம் எடுக்கிற ஆள் ஆயிற்றே! படத்தைச் சரியென்று வைத்துக்கொண்டு, முகத்தைத் திருத்திக்கொண்டு வந்திருக்கிறார். வெளியூரில் பெரிய வேலை வந்திருக்கிறது என்று கல்யாணத்தை இரண்டு மாதம் தள்ளிப் போட்டார்களே, அந்த வேலை இதுதான். அதுவரை பெண் பார்க்கவும் பேசி முடிக்கவும் அவர் வீட்டுப் பெரியவர்கள்தான் வந்திருந்தார்கள். உழைப்பாளி மாப்பிள்ளை என்று என் அப்பா எங்கள் சொந்தக்காரர்களிடமெல்லாம் பெருமை பேசினார்.

அதைக்கூட நான் சிரித்து விட்டிருப்பேன், சத்தியமாக. என் வயிறு எரிந்தது வேறு விஷயத்துக்கு. எங்களுக்கு ஒரே மகள். பெயர் வேறு, வீட்டில் சிட்டு. அவளுக்குப் பிறந்ததிலிருந்தே மோவாய் உள்ளடங்கி, சின்னதாக இருக்கும். குழந்தையைப் பார்க்க வந்த என் நாத்தனார், அவருடைய கூடப் பிறந்த அக்கா, தம்பியின் பழைய முகத்தை நன்றாகத் தெரிந்தவள், கூசாமல் சொன்னாள்: "மோவாய் மட்டும் அம்மா வழி போலிருக்கு." இவரும் பக்கத்தில் நின்றுகொண்டு தலையாட்டினார். நான் எங்கள் வீட்டு ஆல்பங்களைத் தோண்டி எடுத்து, கடைசியில் என் சித்தப்பா தலையில் பழியைப் போட்டேன். பதினாறு வருஷமாக அந்த அப்பாவி மனுஷர்தான் காரணம் என்று வீட்டில் பேச்சு.

சிட்டு எங்கே உட்கார்ந்தாலும் உள்ளங்கை மோவாயில் இருக்கும். பக்கவாட்டில் படம் எடுக்க விடமாட்டாள். இந்த ஈறு வீக்கத்துக்கு ஒரு மாதம் முன்பு, சாப்பாட்டு மேஜையில் சாதாரணமாகச் சொன்னாள்: "பதினெட்டு ஆனதும் நான் மோவாயில வச்சுக்கப் போறேன். டாக்டர் யாருன்னுகூடப் பார்த்துட்டேன்." நான் கத்தினேன். இவர் தண்ணீர் குடித்தார். அந்தத் தண்ணீர் எப்படித் தொண்டையில் இறங்கியதோ!

"இனி சொல்லிடுங்க அவகிட்ட. உங்க மோவாய்தான் அவளுக்குன்னு தெரிஞ்சா, கொஞ்சம் யோசிப்பா" என்று அன்றைக்கு ஸ்டூடியோவிலேயே சொன்னேன்.

"வேண்டாம்மா. பல் ஆபரேஷன்னு சொல்லிக்கலாம். ஆறு மாசத்துல புதுசு வச்சுக்கறேன். அதுவரைக்கும் மாஸ்க் போட்டுக்கறேன்."

"உங்களுக்கு வெட்கமா இல்லையா?"

"இருக்கு. அதனாலதான் சொல்றேன்."

பெரிய ஆஸ்பத்திரியில் சர்ஜன் நிதானமான ஆள். எடுத்த பிறகு என்னென்ன நடக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். "முதல் மூணு நாலு நாள் நல்லா வீங்கும். முன்னாடி இருந்ததைவிடப் பெரிசாத் தெரியும், அதை நம்பிடாதீங்க. ரெண்டு மூணு வாரத்துல பெரும்பாலும் வடிஞ்சிடும். இத்தனை வருஷம் இழுபட்டிருந்த தோலுக்கு உள்ள தாங்க ஒண்ணும் இருக்காது, கொஞ்ச நாள் தளர்ந்து நிக்கும், அங்கங்க குழி விழும். கீழுதடு மரத்துப்போயிருக்கும், தண்ணி குடிச்சா ஒழுகும். பயப்படாதீங்க, உணர்ச்சி மெதுவா திரும்பும். நிஜ வடிவம் தெரிய மூணு மாசமாவது ஆகும்."

"புதுசு?" என்று இவர் இழுத்தார்.

"முதல்ல இது ஆறட்டும். பிறகு, வேணும்னா பேசலாம். வேண்டாம்னாலும் ஒண்ணும் குறைஞ்சு போயிடாது."

ஆபரேஷன் முடிந்து, மோவாயைச் சுற்றித் தலைக்கு மேல் பட்டை கட்டி அனுப்பினார்கள். மூன்றாம் நாள் குளியலறையிலிருந்து ஒரே சந்தோஷச் சத்தம். பட்டையை அவிழ்த்துக் கண்ணாடி பார்த்திருக்கிறார். "இங்க பாரேன், அப்படியேதான் இருக்கு! இன்னும் நல்லாவே இருக்கு!"

"அது வீக்கம். டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே."

அப்புறம் வீக்கம் வடிய வடிய மனுஷரின் முகமும் தொங்கிப்போனது. கூழும் கஞ்சியும் மசித்த பழமும்தான் சாப்பாடு. ஒவ்வொரு தடவையும் உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்க வேண்டும். காபி குடித்தால் பாதி சட்டையில் இருக்கும், துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு குடிப்பார். உதடு ஒத்துழைக்காததால் பேச்சும் குழறியது. பத்தாம் நாள் பிடிவாதமாக ஸ்டூடியோவுக்கு வந்து, மாஸ்க்குக்குள்ளிருந்து வாடிக்கையாளரிடம், "மோவாயைக் கொஞ்சம் இறக்குங்க" என்றார். வழக்கமாகச் சொல்வதுதான், வாழ்நாளில் லட்சம் தடவை சொல்லியிருப்பார். அன்றைக்கு வந்த பெரியவர், "எதை இறக்கணும்?" என்று மூன்று முறை கேட்டுவிட்டுக் கையிலிருந்த பையை இறக்கி வைத்தார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இவர் லைட்டைச் சரிசெய்வதுபோல் திரும்பிக்கொண்டார், அப்போது கண் கலங்கியிருந்ததைப் பார்த்துவிட்டேன். சிரித்த வாயை மூடிக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் ஒரு காலை, சிட்டு பள்ளிக்கூடம் போன தைரியத்தில் மாஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, துண்டும் கையுமாகக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். மறந்துபோன நோட்டை எடுக்க அவள் பாதி வழியில் திரும்பி வந்தாள். வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். அவர் ஜன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்ததால் பக்கவாட்டு முகம் முழுதாகத் தெரிந்தது. வீக்கம் போன, உள்ளடங்கிய, சின்ன மோவாய். அச்சு அசல் அவளுடையது.

அவள் நேரே அறைக்குப் போய் அலமாரிக் கண்ணாடியில் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வந்தாள். இவர் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். போட்டோவை இழுத்தது, ஆபரேஷன், அக்கா சொன்னதற்குத் தலையாட்டியது, எதையும் விடவில்லை. குழறிக் குழறித்தான் சொன்னார், உதட்டோரம் கஞ்சி ஒழுகியது, துடைத்துக்கொண்டு மறுபடி சொன்னார். எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி, மறைப்பானேன். இனி இந்தப் பெண் அப்பாவைப் பிடித்து ஒரு வாங்கு வாங்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீ மட்டும் என்னவாம்?"

"நான் என்னடி பண்ணினேன்?"

அவள் பரணிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை இறக்கினாள். அவளுடைய அடையாள அட்டைகள், ஒன்றாம் வகுப்பிலிருந்து. எல்லாம் எங்கள் ஸ்டூடியோவில் எடுத்தவை. மேஜையில் வரிசையாகப் பரப்பினாள். "இது என் மோவாயா? இது? இது?"

ஒரு நூல்தான். சத்தியமாக ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு நூல்தான் இழுத்துவிட்டேன். யாரும் குழந்தையை ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதே என்று. முகப்பருவை எடுக்கிற மாதிரி, கை தானாகப் போகும். போன வருஷப் படத்தோடு சேர வேண்டுமே என்று இந்த வருஷமும் இழுப்பேன். பத்துப் பன்னிரண்டு வருஷ அட்டைகளை மொத்தமாகப் பார்த்ததும் எனக்கே தூக்கிவாரிப்போட்டது. அதில் இருந்த பெண் எங்கள் வீட்டில் இல்லாத ஒரு பெண்.

"போன வருஷம் பரீட்சை ஹால்ல ஒரு மேடம் கார்டை வாங்கி என்னை ரெண்டு மூணு தடவை பார்த்தாங்க. 'இது உங்க அக்காவா?'ன்னு கேட்டாங்க. நான் வீட்டுக்கு வந்து ஜோக்கா சொன்னேன். நீ சிரிச்சேம்மா!"

"சிட்டு..."

"எனக்கு எந்த மோவாய் இருக்கணும்னு நான் எங்கயோ போய்ப் பார்த்துட்டு வரலை. நீதான் வருஷா வருஷம் பிரின்ட் போட்டுக் குடுத்தே. போட்டோல இருக்கற மாதிரி ஆகணும்னுதான் வச்சுக்கறேன்னு சொன்னேன். அப்பாவும் அதைத்தானே பண்ணியிருக்காரு?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டுவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மூன்று வாரமாக நான் அந்த மனுஷரைப் பார்த்து என்னென்ன சொன்னேன், ஏமாற்றுக்காரர், வெட்கமில்லாதவர். அன்றைக்கு நாங்கள் இருவரும் கடைக்குப் போகவில்லை. அந்த அட்டைகளை எடுத்து வைக்கவும் எனக்குக் கை வரவில்லை.

மூன்று நாள் அவள் எங்களோடு பேசவில்லை. நான்காம் நாள் சாயங்காலம் ஒரு துளிப் பஞ்சோடு வந்து அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். "கண்ணை மூடுங்க." கீழுதட்டுக்குக் கீழே பஞ்சால் தொட்டாள். "இங்க தெரியுதா?"

"இல்லை."

"இங்க?"

"லேசா. எறும்பு ஊர்ற மாதிரி."

அதற்குப் பிறகு தினமும் அது அவர்கள் இருவருக்கும் வழக்கமாகிவிட்டது. எங்கே உணர்ச்சி வந்தது, எங்கே இன்னும் மரத்திருக்கிறது என்று ஒரு தாளில் முகம் வரைந்து குறித்து வைத்தாள். அவள் வரைந்த முகத்தில் மோவாய் சின்னதாகவே இருந்தது. என்னிடம் மட்டும் கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். இடையில் சித்தப்பாவுக்கு போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். விஷயமே தெரியாத அவர், "என் மோவாய்க்கு என்னம்மா குறைச்சல்?" என்று பதறிப்போனார்.

மூன்று மாதம் கழித்துச் சோதித்த சர்ஜன், நன்றாக ஆறிவிட்டது, குழிகளும் நிரவிவிட்டன என்றார். புதுசு பற்றி இவர் கேட்கவில்லை.

அந்த வாரம் சிட்டுவுக்கு மேல்படிப்பு விண்ணப்பத்துக்குப் படம் வேண்டியிருந்தது. இவருக்கும் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். கடைக்குள் வந்ததும் அவளே வெள்ளைத் திரையை இழுத்துவிட்டாள். முதலில் அப்பாவை ஸ்டூலில் உட்கார வைத்து, கேமராவுக்குப் பின்னால் போய் நின்றாள். பழக்கம் விடுமா, இவர் தலையை முன்னுக்கு நீட்டிக்கொண்டார்.

"அப்பா, சும்மா உட்காருங்க. நீட்டாதீங்க."

உட்கார்ந்தார். எடுத்தாள். அப்புறம் அவள் உட்கார, அவர் எடுத்தார். லட்சம் தடவை சொன்னதை அவர் அன்றைக்குச் சொல்லவில்லை. அவள் கை மடியில் இருந்தது.

இரண்டு முகமும் என் திரையில் பக்கத்துப் பக்கத்தில் வந்து நின்றன. நான் வெளிச்சத்தைச் சரிசெய்தேன், ஓரத்தை வெட்டினேன். சிட்டு என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். பதினெட்டுக்குப் பிறகு என்ன செய்யப் போகிறாள் என்று அவள் இதுவரை சொல்லவில்லை, கேட்க எனக்கும் தைரியம் இல்லை. அந்த நினைப்பில் இருந்தபோதே, அம்புக்குறி அவளுடைய மோவாய்க்குக் கீழே போய் நின்றிருந்தது. நான் கொண்டு போகவில்லை, தெய்வத்தின் மேல் ஆணை, கை தானாகப் போயிருக்கிறது.

"மௌஸ்லேருந்து கையை எடும்மா" என்றாள்.

எடுத்தேன். அவள் குனிந்து, என் கையை ஒருமுறை அழுத்திப் பிடித்துவிட்டு, பிரின்ட் கொடுத்தாள்.