ஊசியும் நாலு பிஸ்கட்டும்

என் மகளுக்கு மறதி என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும். எப்போதோ வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டு நான் மறந்துபோன நீலச் செருப்பை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். அவள் அப்பா யாரிடம் என்ன சாக்குச் சொல்லி வேலைக்கு மட்டம் போட்டார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஊசி ஒன்றுதான் மறந்துபோகும்.

வயது பத்து. நல்ல பெயர் ஒன்று வைத்தோம், அது பள்ளிக்கூடத்தோடு சரி. வீட்டில் அவள் அணில்தான், எந்நேரமும் எதையாவது கொறித்துக்கொண்டிருப்பதால். ஏழு வயதில் சர்க்கரை நோய் என்று தெரிந்தபோது சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து, "இனிப்பு நிறையக் குடுத்துட்டியோ?" என்று என்னிடமே கேட்டார்கள். இது தின்று வந்த நோய் இல்லை, அவள் உடம்பு இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிட்டது என்று எத்தனை பேருக்குத்தான் விளக்குவது? வாய் வலித்ததுதான் மிச்சம்.

காலையும் இரவும் சாப்பிடும்போது நான் பக்கத்தில் இருப்பேன். மதியம் டீச்சர் பார்த்துக்கொள்வார். நடுவில் கொறிப்பதுதான் வினை. போன மாதம் அப்படித்தான், மாலை நேரங்களில் பிஸ்கட்டும் வேர்க்கடலையும் ஊசி இல்லாமலே உள்ளே போய், சர்க்கரை எகிறி, வாந்தியெடுத்து, ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றிப் படுக்கவைக்க வேண்டியதாயிற்று. டாக்டர் என்னைத்தான் பிடித்துக்கொண்டார். "சாப்பிடக் கூடாதுன்னு நான் சொல்லவே இல்ல. சாப்பிடறதுக்கு முன்னாடி போட மறக்கக் கூடாது. அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம். அவர் வீட்டில் ஒரு அணிலை வளர்த்துப் பார்க்கட்டும்.

நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. வீட்டிலிருந்த தின்பண்டங்களையெல்லாம் வாரி என் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். தினமும் காலையில் ஒரு டப்பாவில் நாலு பிஸ்கட்டும் ஒரு வாழைப்பழமும் வைப்பேன், வேறு எதையும் தொடக் கூடாது என்று கண்டிப்பு. அந்த டப்பாவுக்கு எவ்வளவு மருந்து என்று நர்ஸ் கணக்குச் சொல்லியிருந்தார், அணிலுக்கும் பேனா ஊசியில் அளவைத் தானே திருகி வைத்துப் போட்டுக்கொள்ளத் தெரியும். பள்ளிவிட்டு அவள் வந்து சேரும் நேரத்துக்கு வீட்டிலேயே விட்டுப்போகும் பழைய செல்போனில் அலாரம் வைத்தேன். மணியோசைக்கு அவள் அசையமாட்டாள் என்பதால் என் குரலையே பதிந்து வைத்தேன். "அணில், முதல்ல ஊசி. ஊசி போடாம எதையும் வாயில வெக்கக் கூடாது."

"அலாரத்துலயும் திட்டறியே" என்றார் என் வீட்டுக்காரர்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு ஆசையும் காட்டியிருந்தேன். பள்ளியில் படகுச் சவாரிக்குக் கூட்டிப்போகிறார்கள். தன்னைத் தானே பார்த்துக்கொள்வாள் என்றால்தான் அழைத்துப்போக முடியும் என்று டீச்சர் கறாராகச் சொல்லிவிட்டார். "இந்த வாரம் முழுக்க ஒரு தடவைகூட மறக்கலைன்னா அனுப்பறேன். ஒரு தடவை தவறினாலும் கிடையாது" என்றேன். அணில் தலையாட்டிய வேகத்தைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது.

நான் ஓட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைக்குள் விட்டு எடுக்கிற வேலை. ஒரு முனையை நான் பிடிப்பேன், மறுமுனையை இன்னொருத்தி பிடிப்பாள். கை கொஞ்சம் அசந்தால் விரல் போய்விடும் என்பதால் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். டீ இடைவேளை வரைக்கும் உலகமே இடிந்தாலும் எனக்குத் தெரியாது. அந்த வாரம் முழுவதும் மதியத்துக்குமேல் எனக்கு நிலைகொள்ளவில்லை. போட்டாளா, மறந்தாளா, போட்டாளா, மறந்தாளா என்று உருளையோடு சேர்ந்து மனமும் சுற்றும். மறுமுனைக்காரி, "நீ இழுக்கற இழுப்புல துணி கிழியப்போவுது" என்பாள்.

வியாழக்கிழமை டீ இடைவேளையில் லாக்கரைத் திறந்து போனைப் பார்த்தேன். அணிலிடமிருந்து செய்தி வந்திருந்தது. 'ஊசி போட்டாச்சு.' வந்து அரை மணிக்குமேல் ஆகியிருந்தது. மனசு குளிர்ந்துபோய்விட்டது. என் அலாரம் வேலை செய்கிறது என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

அதற்குக் கீழே, மதியம் வந்த இன்னொரு செய்தி. வீட்டுக்காரருடையது. அவர் லிஃப்ட் மெக்கானிக். ஏதோ சாமான் எடுக்க வீட்டுக்குப் போயிருக்கிறார். 'செம பசி. அணில் டப்பாவைக் காலி பண்ணிட்டேன். சாயங்காலம் புதுசு வாங்கிட்டு வரேன். திட்டாதே.'

டப்பா காலி. ஊசி உள்ளே போய்விட்டது. அது இழுப்பதற்குச் சாப்பாடு இல்லை. ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையைத்தான் இழுத்துக்கொண்டிருக்கும், அது இறங்கினால் மயக்கம்தான். மற்றதெல்லாம் பீரோவில், சாவி என் கையில்.

வீட்டுக்கு அடித்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அவருக்கு அடித்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே. எந்த லிஃப்ட் குழிக்குள் இருக்கிறாரோ! மேற்பார்வையாளரிடம் என்ன சொன்னேன் என்று தெரியாது, தெருவில் ஓடிக்கொண்டே கீழ்வீட்டுப் பார்லர் அக்காவுக்கு அடித்தேன்.

"அக்கா, மேல ஓடுங்க. அணிலுக்கு சர்க்கரை இறங்குது."

"ஒருத்திக்கு தலையில டையைப் பூசி வெச்சிருக்கேன்மா..."

"அவ தலை எக்கேடு கெட்டுப் போகட்டும், ஓடுங்கக்கா."

பாவம், ஓடினார். மாடிப்படியில் அவர் மூச்சு வாங்குவது போனில் கேட்டது. நான் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டிரைவர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கல்யாணத்துக்கு ஆள் சேர்ப்பவர்போல நிறுத்தி நிறுத்தி ஏற்றினார். அவரை மனதுக்குள் வையாத வசவில்லை.

"கதவு உள்பக்கம் தாழ்ப்பா போட்டிருக்கும்மா. ஜன்னல் வழியா தெரியறா. வேர்த்துக் கொட்டுது. அம்மா யாருக்கும் திறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கன்றா."

"போனை ஜன்னல்கிட்ட வெச்சுப் பிடிங்க." பஸ்ஸே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். "அணில், அம்மாடி. கதவைத் திற."

தாழ்ப்பாள் நகர எவ்வளவு நேரமானதோ, எனக்கு யுகமாக இருந்தது. பள்ளிப் பையின் முன்பக்கத்தில், சர்க்கரை இறங்கினால் டீச்சர் கொடுப்பதற்காக வைத்த குளுக்கோஸ் பொட்டலம் இருக்கிறது, தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள் என்றேன். கரண்டி டம்ளரில் மோதும் சத்தம் கேட்டது. பிறகு அக்காவின் குரல், அழாத குறையாக.

"வாயைத் திறக்கமாட்டேங்கறாம்மா. முன்ன போட்டது டப்பாவுக்காம், இதுக்கு ஊசி போடாம வாயில வெக்கக் கூடாதாம். ஊசியைக் கையில எடுக்கறா. நான் பிடுங்கி வெச்சுட்டேன்."

கம்பியை இறுக்கிப் பிடித்தேன். இன்னொரு ஊசி போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

"அணில், அம்மா பேசறேன். ஊசி வேண்டாம். குடி."

"நீதானேம்மா சொன்ன." குரல் குழறியது. "அப்புறம் படகு..."

"படகுக்குப் போலாம். கண்டிப்பா போலாம். என் தங்கம்ல, குடி."

குடிக்கும் சத்தம் கேட்டதும்தான் கம்பியை விட்டேன். உள்ளங்கையில் துருவின் கறை.

நான் வீடு போய்ச் சேர்ந்தபோது அணில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்து, நெற்றி முடியெல்லாம் ஈரமாக ஒட்டியிருந்தது. விரலில் குத்திப் பார்த்தேன். சர்க்கரை ஏறத் தொடங்கியிருந்தது. பீரோவைத் திறந்து பிஸ்கட்டை எடுத்து நானே ஊட்டினேன். மென்றுகொண்டே அவள் என்னைப் பார்த்தாள். நான் திட்டவில்லை என்பது அவளுக்கு ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். அக்கா தான் டை பூசிவிட்ட தலையைத் தேடிக் கீழே ஓடினார்.

"ஏன்டி பக்கத்துல யார்கிட்டயாவது கேக்கக் கூடாதா? பசிக்கலையா?"

"பசிச்சுது. டப்பால ஒண்ணும் இல்ல. வேற எதையும் தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்க. அதான் நீ வர்ற வரைக்கும் உக்காந்திருந்தேன். போன் அடிச்சுது, எந்திரிக்க முடியல." பிறகு சொன்னாள், "நான் மறக்கலம்மா. உன் குரல் கேட்ட உடனே போட்டுட்டேன்."

பாராட்டுக்காகக் காத்திருந்தாள். நான் இன்னொரு பிஸ்கட்டை நீட்டினேன். அவள் அதைக் கையில் வாங்கி, தின்னாமல் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"இன்னிக்கு நான் மறந்திருந்தா இப்படி ஆகியிருக்காதுல்ல?"

ஆமாம் என்றால் நாளைக்கே ஊசியைத் தொடமாட்டாள். இல்லை என்றால் பச்சைப் பொய். அவளைத் தூக்கி மடியில் உட்காரவைத்துக்கொண்டேன். பத்து வயதுப் பிள்ளை, கால் இரண்டும் தரையில் இடித்தது.

"ஊசியை எடுக்கறதுக்கு முன்னாடி சாப்பாடு இருக்கான்னு பாக்கணும். அதைத்தான் உனக்குச் சொல்லவே இல்ல" என்றேன். "நீ மறக்கல கண்ணு. நான்தான் மறந்துட்டேன்."