நாலாவது கியர்

தனகோடி சுரங்கத்தில் ஓட்டிய மண்வெட்டும் இயந்திரம் பன்னிரண்டு மாடி உயரம். நிமிடத்துக்கு ஆறு மீட்டர் நகரும், அதுவும் நல்ல மனநிலையில் இருந்தால். ஒருமுறை அதன் உச்சியில் ஒரு காக்கை கூடு கட்டி, முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, குஞ்சுகள் பறந்துபோன பிறகு பார்த்தால் இயந்திரம் ஒரு மைல் தள்ளி நின்றிருந்தது. விலாசம் மாறியதே தெரியாமல் தாய்க் காக்கை குடும்பம் நடத்திவிட்டுப் போனது. தனகோடி இதைச் சொன்னால் நெய்வேலியில் யாரும் சிரிப்பதில்லை. எந்த வருஷம் என்று மட்டும் கேட்பார்கள்.

முப்பத்து நாலு வருஷம் அப்படி ஓட்டிய கை, காரை மட்டும் வேறு மாதிரி ஓட்டுமா? நாலு வருஷத்துக்கு முன்பு வாங்கிய பழைய வெள்ளைக் கார் அது. மூன்றாவது கியருக்கு மேல் அவர் போனதே இல்லை. கிளம்புவதற்கு முன் டயர், தண்ணீர், ஆயில், கண்ணாடி என்று நோட்டில் எழுதிவைத்த இருபத்தாறு சோதனைகள். பிறகு சுரங்க வழக்கப்படி மூன்று நீண்ட ஹாரன். சுற்றி இருப்பவர்கள் விலகிக்கொள்ள ஒரு நிமிடம் அவகாசம். அப்புறம்தான் சக்கரம் உருளும்.

இந்த ஒழுங்கால் ஒரு குடும்பத்தில் ஒரு வருஷம் பேச்சு நின்றிருக்கிறது. திண்டுக்கல்லில் வாழ்க்கைப்பட்ட அக்கா காந்திமதியின் மூத்த மகள் கல்யாணத்துக்கு, பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டிய தாய்மாமன் தனகோடி, எல்லோரும் பந்தியில் பாயசம் குடித்துக்கொண்டிருக்கும்போது போய்ச் சேர்ந்தார். பட்டத்தை அக்கா கொழுந்தன் பழனிவேல் கட்டிவிட்டிருந்தான். தாய்மாமன் உயிரோடு இருக்கும்போது சித்தப்பன் கட்டுவதா என்று ஊரே பேசியது. இப்போது இளையவள் சண்முகப்பிரியாவுக்குக் கல்யாணம். முதல் நாள் சாயங்காலமே பட்டம், ஆறு மணியிலிருந்து ஏழு மணிக்குள்.

"தம்பி, ஏழு மணி தாண்டிச்சின்னா பழனிவேலு கட்டுவான்," என்று காந்திமதி போனில் சொன்னாள். "அதுக்கப்பறம் நான் செத்தாக்கூட நீ வர வேணாம். எப்படியும் லேட்டாதான் வருவ."

காலை ஆறு மணிக்கு தனகோடி சீட்டில் ஏறி உட்கார்ந்தார். சோதனைகள் முடிந்து கார் நெய்வேலிக் குடியிருப்பின் பதினாறாம் வட்டத்தைத் தாண்டும்போது மணி ஏழு. வழியில் திருச்சியில் கல்லூரி விடுதியில் இருக்கும் மகள் சத்யப்பிரியாவையும் ஏற்றிக்கொள்ள வேண்டும். பின் சீட்டில் சீர்த் தட்டுகள், ஒரு பலாப்பழம். முன் சீட்டில் மனைவி கஸ்தூரி, மடியில் பட்டம் வைத்த டப்பா.

தொழுதூர் பக்கம் ஓர் ஆட்டு மந்தை காரை முந்தியது. கடைசி ஆடு ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனது.

"அதுங்க எந்தக் கல்யாணத்துக்குப் போவுதோ," என்றாள் கஸ்தூரி. "நேரத்துக்குப் போயிடும்."

"வேகமா போனவன் எவன் நல்லா இருக்கான், சொல்லு?"

"மெதுவா போன நம்மள மட்டும் எவன் நல்லா வச்சிருக்கான்?"

இரண்டு மணிக்கு விடுதி வாசல். நின்ற இடத்திலிருந்து நிழலுக்கு நாலடி நகர்த்த வேண்டியிருந்தது. நாலடி ஆனாலும் நகர்வது நகர்வதுதான். தனகோடி மூன்று நீண்ட ஹாரன் அடித்தார்.

அந்த வாரம் தீயணைப்பு ஒத்திகை வரும், மூன்று நீண்ட சத்தம் கேட்டால் எல்லோரும் மைதானத்தில் வரிசையில் நிற்க வேண்டும் என்று விடுதியில் சொல்லி வைத்திருந்தது அவருக்கு எப்படித் தெரியும்? நானூற்றுப் பன்னிரண்டு பெண்கள் படியிறங்கி ஓடினார்கள். ஒருத்தி தலையில் ஷாம்பூ நுரையோடு. வார்டன் பட்டம்மாள் நோட்டை எடுத்து எண்ணத் தொடங்கினார். ஒரு ஆள் குறைந்தது. மறுபடி எண்ணினார். மறுபடியும் ஒன்று குறைந்தது. ஆள் முழுசாகக் கிடைக்கும்வரை கேட்டைத் திறக்கக் கூடாது என்பது ஒத்திகையின் சட்டம்.

குறைந்த அந்த ஒருத்தி கேட்டுக்கு வெளியே, காருக்குள் உட்கார்ந்து முந்திரி கொறித்துக்கொண்டிருந்தாள். அந்த ஹாரன் யாருடையது என்று விடுதியில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். எல்லோரும் மைதானத்துக்கு ஓடியபோது சத்யப்பிரியா நேராக அப்பாவிடம் ஓடி வந்திருந்தாள்.

"உள்ள யாரோ காணாம போயிட்டாளாம்," என்று எட்டிப் பார்த்தார் தனகோடி. "பெத்தவங்க பாவம்."

மூன்றாவது எண்ணிக்கையில் பெயர் கூப்பிட்டபோதுதான் உண்மை வெளிவந்தது. பட்டம்மாள் மைதானத்திலேயே அரைமணி நேரம் திட்டினார். பிறகு அப்பாவிடம் ஒரு விளக்கக் கடிதம் கேட்டு வாங்கினார். அவர் எழுதியது சுருக்கமாக இல்லை என்று இன்னொன்று. வெளியே செல்ல அனுமதிச் சீட்டு கையில் வந்தபோது மணி நாலரை.

திண்டுக்கல்லுக்கு இன்னும் நூறு கிலோமீட்டர். தனகோடி மனதுக்குள் வகுத்துப் பார்த்தார். மறுபடி வகுத்தார். எப்படி வகுத்தாலும் பழனிவேல்தான் மீதி வந்தான்.

"நான் ஓட்றேன்பா," என்றாள் சத்யப்பிரியா.

"நீயா?"

அவள் பையிலிருந்து லைசன்ஸை எடுத்து நீட்டினாள். வாங்கி நாலு மாதம் ஆகியிருந்தது.

"யாரக் கேட்டு?"

"அம்மாவ."

தனகோடி திரும்பினார். கஸ்தூரி பலாப்பழத்தை அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதெல்லாம் முடியாது. அடுத்த ஷிஃப்ட் ரிலீவர் வராம ஆபரேட்டர் சீட்ட வுட்டு எறங்கக் கூடாது. முப்பத்து நாலு வருஷம், ஒரு நாள் எறங்கனதில்ல."

"சரிங்க," என்றாள் கஸ்தூரி பலாப்பழத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "காலைல ஆறு மணிக்கு ஏறினீங்க. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் எத்தன மணிக்கு முடியுது?"

"ரெண்டு."

"இப்ப மணி?"

தனகோடி வாட்சைப் பார்த்தார்.

"யாருகிட்ட கையெழுத்து வாங்கிகினு ஓவர்டைம் பாத்துகினு இருக்கீங்க?"

கையெழுத்து இல்லாமல் ஒரு நிமிடம் கூட அதிகம் ஓட்டாதவர் என்று பெயர் எடுத்த மனிதர் அவர். கதவைத் திறந்து இறங்கினார். ஆனால் சாவியைக் கொடுக்கக் கை நீளவில்லை. சத்யப்பிரியாவும் பிடுங்கவில்லை. கதவோரம் நின்று, "சார்ஜ் குடுப்பா. எதுனா சத்தம் வருதா?" என்றாள்.

தனகோடி அவளை நிமிர்ந்து பார்த்தார். இதைக் கேட்காமல் ஏறி உட்கார்ந்த ரிலீவர்கள் எத்தனையோ பேரை அவர் பார்த்திருக்கிறார். பர்மனெண்ட் ஆட்களிலேயே பாதிப் பேர் கேட்க மாட்டார்கள்.

"ரெண்டாவது கியர்ல லேசா முனகும். பயப்படாத."

"பிரேக்?"

"கால வச்சவொடனே புடிக்காது. கொஞ்சம் முன்னாடியே நெனச்சிக்கணும்."

"ஹாரன்?"

அவர் விடுதி கேட்டைப் பார்த்தார். "அத மட்டும் இங்க தொடாத."

சாவி கை மாறியது. நெடுஞ்சாலைக்கு வந்ததும் சத்யப்பிரியா நாலாவது கியர் போட்டாள். அப்படி ஒன்று தன்னிடம் இருப்பது அன்றுதான் காருக்கே தெரிந்தது. முதலில் ஒரு கனைப்புக் கனைத்தது, பிறகு ஓடியது. பின் சீட்டில் பலாப்பழத்தை அணைத்தபடி தனகோடி இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். மணப்பாறை வருவதற்குள் கார்த் தரை அந்த இடத்தில் அரை அங்குலம் பள்ளமாகிவிட்டது.

மணப்பாறை தாண்டி ஒரு வைக்கோல் லாரி சடக்கென்று நின்றது. தனகோடி கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது கார் லாரிக்குப் பத்தடி பின்னாலேயே, தூங்கும் குழந்தையை எழுப்பாத தொட்டில்போல் மெல்ல நின்றிருந்தது.

"எப்படிம்மா புடிச்சிது?"

"நீதான சொன்ன, முன்னாடியே நெனச்சிக்கணும்னு."

அதற்குப் பிறகு அவர் காலைத் தூக்கிச் சீட்டின் மேல் சம்மணம் போட்டுக்கொண்டார். ஜன்னல் வழியாகத் தூரத்தில் மலை தெரிந்தது. கார் வாங்கிய நாலு வருஷத்தில் அந்தக் காரின் பக்கத்து ஜன்னல் வழியாக அவர் வெளியே பார்த்ததே இல்லை.

மண்டப வாசலில் ஆறு நாற்பத்தெட்டு. நிறுத்த இடமில்லை.

"நீ எறங்கி ஓடுப்பா. நான் வண்டிய எங்கனா வுட்டுட்டு வரேன்."

தனகோடி ஓடினார். செருப்பு ஒன்று வாசலிலும் இன்னொன்று நாதஸ்வரக்காரர் மடியிலும் விழுந்தது. பின்னால் கஸ்தூரி டப்பாவோடு ஓடினாள். மேடையில் பழனிவேல் புதுப் பட்டுச் சட்டையும் முறுக்கிய மீசையுமாக, இன்னொரு பட்டத்தைக் கையில் பிடித்துத் தயாராக நின்றிருந்தான். காந்திமதி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பியைப் பார்த்ததும் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள், அது நின்றுபோயிருக்கிறதோ என்று.

"பழனிவேலு, தள்ளுப்பா," என்றார் தனகோடி மூச்சிரைக்க. "கை வலிச்சிருக்கும் ஒனக்கு."

சண்முகப்பிரியாவின் நெற்றியில் பட்டத்தைக் கட்டினார். மூன்று முடிச்சு போதும், அவர் ஐந்து போட்டார்.

"மாமா, வலிக்குது."

"வலிக்கட்டும்மா. அவுந்துச்சின்னா உங்கம்மா என்ன வூட்டுக்குள்ளயே வுட மாட்டா."

காந்திமதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "யாருடா ஓட்டிகினு வந்தது?" என்றாள்.

அவர் வாயைத் திறப்பதற்குள் போட்டோக்காரர் குறுக்கே வந்தார். "சார், சரியா விழல. இன்னொரு வாட்டி கட்டுங்க."

தனகோடி மண்டபத்தின் கடைசி வரை பார்த்தார். அங்கே சத்யப்பிரியா அப்போதுதான் உள்ளே நுழைந்து, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறி நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருப்பா, அவசரப்படாத," என்றார் போட்டோக்காரரிடம். "எம்பொண்ணு மேல வரட்டும். ஏழு மணிக்கு இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு."