வெங்கடலட்சுமியின் முறை

நாகையா செருப்பு போடாமலே தெருவைக் கடந்தார். பங்குனி வெயிலில் மண் கொதித்தது. கால் சுடுவது அவருக்கு எட்டவில்லை. எதிர்வரிசையில் ராமசுப்புவின் நூல் கடைச் சுவரில்தான் அந்தத் தெருவுக்கு இருந்த ஒரே கடிகாரம். காலையிலிருந்து ஐந்தாறு தடவை வந்துவிட்டார். படியில் நின்று தலையை மட்டும் உள்ளே நீட்டினார். பதினொன்று பத்து.

“என்ன அண்ணாச்சி, பஸ்ஸு பிடிக்கப் போறீகளா?” என்று கேட்டான் ராமசுப்பு.

“இல்ல. சும்மாதான்.”

“கருணா எப்படி இருக்கான்?”

“அப்படியே இருக்கான்.”

வெளிச்சத்திலிருந்து வீட்டுக்குள் நுழைந்ததும் கண் இருட்டியது. முதலில் தறியின் மரச்சட்டம் தெரிந்தது. பிறகு அதன் அருகில் பாய். பிறகு பாயில் மகன். இருபத்தெட்டு வயது உடம்பு போர்வைக்குள் இருக்கிற அடையாளமே இல்லை. மூன்று வருஷமாக நெஞ்சில் இருந்த நோய் இந்த மாசியோடு முற்றிவிட்டது. செவ்வாய்க்கிழமை வந்த டாக்டர் வாசலில் நின்று, “சொல்லி அனுப்ப வேண்டியவங்களுக்குச் சொல்லி அனுப்பிருங்க” என்று தணிந்த குரலில் சொன்னார். உள்ளே கிடந்த கருணாகரன் காதில் அது விழுந்துவிட்டது.

“நாயனா, லட்சுமிக்கு வியாழக்கிழமை பரீட்சை. அது முடியுற மட்டும் தந்தி குடுக்கக் கூடாது” என்று அப்போதே அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, வெளியூரில் பாட்டுப் படிக்கிற பெண்டாட்டிக்காகக் கேட்டான். நாகையா கையை எடுக்காமல் இருந்தார்.

இன்று வியாழன்.

“மணி என்ன நாயனா?”

“பதினொண்ணு பத்து.”

“அப்ப ஆறாவது ஆளு உள்ள போயிருக்கும்.” மூச்சு வாங்க நிறுத்திக்கொண்டான். “மொத்தம் பதினொரு பேரு. இங்கிலீஷ் எழுத்து வரிசையில கூப்பிடுவாக. வெங்கடலட்சுமிதான் கடைசி. ஆளுக்கு அரைமணி. ரெண்டு மணிக்கு வெளிய வந்துருவா.”

இந்தக் கணக்கை விடிந்ததிலிருந்து பல தடவை சொல்லிவிட்டான். அடுப்படியில் இருந்த அவன் அம்மா சௌடம்மாள் ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு பாத்திரத்தை நகர்த்தி வைத்தாள்.

நாலு வருஷத்துக்கு முன் நூல் பொட்டலம் சுற்றி வந்த ஒரு பத்திரிகைத் தாளில்தான் அந்த விளம்பரம் இருந்தது. சிதம்பரத்துச் சங்கீதக் கல்லூரி. எட்டாவது தேறியிருக்க வேண்டும். குரல் சோதனை உண்டு. நான்கு வருஷப் படிப்பு. பெண்களுக்குத் தனி விடுதி. கருணாகரன் அந்தத் தாளைத் தறியில் செருகி வைத்து ஒரு வாரம் நெய்துகொண்டே படித்தான். பிறகு, கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத பெண்டாட்டியை அவனே ரயிலில் கூட்டிப் போய்ச் சேர்த்துவிட்டு வந்தான். பஜனையில் அவள் பாடுவதை மெச்சிய அதே தெரு, பெண்டாட்டியைப் பாட்டுப் படிக்க அனுப்பியவன் என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தது. பேரப்பிள்ளை இல்லாத வருத்தம் சௌடம்மாளுக்கு. மருமகளின் கடிதம் வந்தால் அவள் எழுந்து கொல்லைக்குப் போய்விடுவாள்.

நாகையா போகமாட்டார். வாராவாரம் மகன் உரக்கப் படிக்கும் கடிதத்தைத் தறிச்சத்தத்தை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருப்பார். முதல் வருஷம் வெறும் ஸ்வர வரிசை. இரண்டாம் வருஷம் வர்ணம். மூன்றாம் வருஷம் கீர்த்தனைகள். நாலாம் வருஷம் ராகமும் பல்லவியும். எழுத்துப் பரீட்சைக்கு எழுபத்திரண்டு மேளகர்த்தா ராகம். வாய்ப்பாட்டுக்காரர்களும் ஒரு வாத்தியம் கற்றுத்தான் ஆகவேண்டுமென்று வாரத்தில் இரண்டு நாள் வீணை. ஒரு கடிதத்தில் அவள் எழுதியிருந்தாள்: இங்கே பலர் கீர்த்தனைகளைப் பொருள் தெரியாமல் உருப்போடுகிறார்கள், நாம் வீட்டில் பேசுகிற தெலுங்குதான், எனக்கு ஒவ்வொரு சொல்லும் புரிகிறது. அன்று நாகையா தறியில் ஓடிய நாடாவை ஒரு கணம் நிறுத்தினார். பெரிய பாட்டெல்லாம் தன் வீட்டுப் பேச்சில் இருக்கிறது என்பது ஐம்பத்தைந்து வயதுவரை அவருக்குத் தெரியாது.

கூரை ஓட்டின் இடுக்கு வழியாக ஒரு வெயில் கீற்று பாயின்மேல் விழுந்திருந்தது. பஞ்சுத் துகள்கள் அதில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தன. கருணாகரன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“பெரிய ஹாலு நாயனா. செவப்புத் தரை. ஜன்னல் எல்லாம் ஒசரம். மூணு பேரு ஜமுக்காளத்துல உக்காந்திருப்பாக. தம்புராவை ஒரு பொண்ணு மீட்டிக்கிட்டே இருக்கும்.”

“பேசாத. இளைக்குது பாரு.”

“தோடி ராகம் கேட்டாத்தான் பயம். தோடின்னா அவளுக்குக் கொஞ்சம் நடுக்கம்.”

சௌடம்மாள் வந்து பாலாடையில் தண்ணீர் புகட்டினாள். பாதி கழுத்தில் வழிந்தது. அவன் கண் மூடி மூடித் திறந்தது. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் எங்கோ தூரத்தில் போய்விட்டு வந்தவன்போல விழித்தான். வீடு, தறி, அம்மாவின் முகம் எல்லாவற்றையும் தாண்டி அவன் பார்வை நின்றது.

நாகையா மறுபடி தெருவைக் கடந்து மணி பார்த்துவிட்டுத் திரும்பினார். பன்னிரண்டு இருபத்தைந்து. சொல்ல வாயெடுத்தபோது மகன் விரலைத் தூக்கினான்.

“பேசாதீக. ஆரம்பிச்சுட்டா.”

எட்டாவது ஆள்தான் இப்போது உள்ளே இருக்கும் என்று சொல்ல நினைத்தார் நாகையா. விட்டுவிட்டுப் பாயருகே குந்தினார். கருணாகரனின் வலதுகை பாயில் தாளம் போடத் தொடங்கியது. ஒரு தட்டு. சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல். மறுபடி தட்டு. உதடு அசைந்தது, சத்தமில்லை. முகத்தில் ஒரு வாரமாக இருந்த வலியின் சுருக்கம் மறைந்திருந்தது. விரல்கள் மெதுவாகின. சுண்டுவிரல். மோதிர விரல்.

அடுத்த விரலுக்காக நாகையா காத்திருந்தார். வெகுநேரம் காத்திருந்தார்.

பின்னால் சௌடம்மாள் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. அவர் திரும்பி அவள் தோளைப் பிடித்தார்.

“சத்தம் போட்றாத. அவ இன்னும் பாடலை.”

சௌடம்மாள் அவரை யாரோபோலப் பார்த்தாள்.

“சத்தம் கேட்டா ராமசுப்பு ஓடியாருவான். பாலவனத்தத்துக்கு, அவ பொறந்த வீட்டுக்கு, சைக்கிள்ல ஆளு போகும். அவ அப்பாரு அந்தானக்கி அப்பவே தந்தி அடிச்சிருவாரு. இவன் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்.”

“எம்புட்டு நேரம்?”

“ஒண்ணரை மணி நேரம்.”

அவள் சேலைத் தலைப்பைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். பிறகு எழுந்து போய்த் தெருக்கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். நாகையா மகனின் கண்களை மூடிவிட்டார். கையையும் காலையும் நேராக்கினார். தலைமாட்டில் விளக்கேற்றவில்லை. சௌடம்மாள் விசிறியை எடுத்து, முன்போலவே வீசத் தொடங்கினாள்.

பக்கத்து வீடுகளில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தம் தொலைவில் எங்கோ மழை பெய்கிறதுபோல இருந்தது. வெயில் கீற்று பாயைவிட்டு நகர்ந்து தரைக்கு வந்தது. நாகையாவுக்குத் தான் உட்கார்ந்திருப்பதே சிவப்புத் தரை என்று தோன்றியது. உயரமான ஜன்னல்கள். பேர் கூப்பிடுகிறார்கள். ஒருத்தி எழுந்து போகிறாள்; அது மருமகள் இல்லை.

கதவில் வளையல் சத்தம். அடுத்த வீட்டு வெள்ளைத்தாய்.

“அக்கா, அரிசி பொடைக்க உங்க வீட்டுச் சொளகைக் கொஞ்சம் குடு.”

சௌடம்மாள் வாயிலிருந்து தலைப்பை எடுத்தாள்.

“பொறவு வா தாயி. இப்பத்தான் அசந்து தூங்குறான்.” குரலில் ஒரு பிசிறு இல்லை.

“தூங்கட்டும்க்கா. பாவம், ராத்திரி பூரா இருமல் கேட்டுச்சு.”

வளையல் சத்தம் போனது. சௌடம்மாள் தலைப்பைத் திரும்ப வாயில் திணித்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

நாகையா கடைக்குப் போய்ப் பார்த்து வந்தார். ஒன்று பத்து. “எப்படி இருக்கான்?” என்று ராமசுப்பு மறுபடி கேட்டபோது, “அப்படியே இருக்கான்” என்றுதான் அவரால் சொல்ல முடிந்தது.

“எத்தனாவது ஆளு?” என்றாள் சௌடம்மாள், அவர் உள்ளே வந்ததும்.

“பத்தாவது. அடுத்தாப்புல இவதான்.”

வெகுநேரம் விசிறி மட்டும் அசைந்தது.

“இப்பப் போயிருப்பாளா?”

“போயிருப்பா.”

“தண்ணி குடிச்சிட்டுப் போனாளோ என்னமோ. இந்த வெக்கையில தொண்டை வறண்டுரும்.”

நாகையா அவளைப் பார்த்தார். அவள் மகன் முகத்தில் உட்கார வந்த ஈயைக் கையால் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

கடைசித் தடவையாகப் போய் வந்தவர் உள்ளே வரவில்லை. நிலைப்படியில் நின்று தலையை அசைத்தார். சௌடம்மாள் விசிறியைக் கீழே வைத்தாள். வாயைப் பொத்தியிருந்த தலைப்பை எடுத்தாள்.

அழுகைச் சத்தம் கேட்டு ஒவ்வொரு வீடாகத் தறிகள் நின்றன.

தந்தியாபீசுக்கு நாகையாவே போனார். என்ன எழுத என்று கேட்ட குமாஸ்தாவிடம், “உடம்பு மோசம், உடனே வரச் சொல்லி எழுதுங்க” என்றார். சாவை அவள் ரயிலில் ஒற்றையாகச் சுமந்துகொண்டு வரவேண்டாம் என்று நினைத்தார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வெங்கடலட்சுமி வந்தாள். உலகச் சண்டை முடிந்தும் பஸ்கள் இன்னும் பெட்ரோல் இல்லாமல் கரியில்தான் ஓடின. ரயில் கரியும் பஸ் கரியுமாக அவள் முகம் கறுத்திருந்தது. தெருமுனையில் கூட்டத்தைப் பார்த்ததும் நின்றாள். பெட்டியை யாரிடமோ கொடுத்தாள். அலறவில்லை. பாயருகே உட்கார்ந்து அவன் விரல்களைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள். தூக்கும்வரை விடவில்லை. சௌடம்மாள் அவளை அணைத்தபடியே இருந்தாள். “நேத்து ரெண்டு மணிக்குத்தான் தாயி” என்று சுற்றியிருந்த பெண்கள் சொல்லிச் சொல்லி அழுதார்கள்.

எல்லாம் முடிந்து சாயங்காலம் வீடு ஓய்ந்தபோது அவள் கொல்லையில் துவைகல்மேல் உட்கார்ந்திருந்தாள். நாகையா போய்ச் சற்றுத் தள்ளித் தரையில் அமர்ந்தார்.

“மாமா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

அவர் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

“ரெண்டு மணிக்கு நான் பாடலை. பரீட்சைக்காரங்க வர நேரமாயிருச்சு. என்னைக் கூப்பிடும்போது நாலு. காம்போதி கேட்டாங்க. பாடிக்கிட்டு இருக்கேன், வாசல்ல பியூன் வந்து நின்னான். கையில தந்தி. உள்ள வரலை. என்னையே பார்த்துக்கிட்டு நின்னான். அந்த எடத்துலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு மாமா.”

கைகளை மடியில் கோத்துக்கொண்டாள்.

“நிறுத்திட்டு எந்திரிச்சிருக்கலாம். எந்திரிக்கலை. அப்புறம் பல்லவி குடுத்தாங்க. அதையும் பாடினேன். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னேன். முடிச்சு, கும்பிட்டுட்டுத்தான் வெளிய வந்தேன். ஏன் எந்திரிக்கலைன்னு ரயில்ல வழி நெடுக யோசிச்சேன். தெரியலை.”

வேலிக்கு அப்பால் கரிசல் காடு வெடித்துக் கிடந்தது. அறுத்த பருத்திமாரின் தூர்கள்மேல் கடைசி வெயில் நீளமாகச் சாய்ந்திருந்தது.

“அவன் போனது ரெண்டு மணிக்கு இல்ல தாயி” என்றார் நாகையா. “பன்னெண்டரை.”

அவள் நிமிர்ந்தாள். அவர் காட்டைப் பார்த்தபடியே சொன்னார். மகன் தாளம் போட்டதை, கதவைச் சாத்தியதை, வெள்ளைத்தாய் வந்ததை. இடையிடையே நிறுத்திக்கொண்டார். “உன் அத்தைதான் அழாம அவன்கிட்ட இருந்தா. நான் சும்மா மணி பார்த்துக்கிட்டுத் திரிஞ்சேன்.”

வெங்கடலட்சுமியின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கோணியது.

“தோடி கேட்டாங்களா?” என்றார் அவர்.

“இல்ல மாமா. கேக்கவே இல்ல.”

சௌடம்மாள் ஒரு செம்புத் தண்ணீரோடு வந்தாள். குடிக்கத்தான் கொண்டுவந்திருக்க வேண்டும். மருமகள் அருகில் துவைகல்லில் இடம்பண்ணி உட்கார்ந்தாள். காலையில் தலையோடு ஊற்றிய குடம் தண்ணீருக்கும் போகாமல் அவள் காதுக்குப் பின்னால் கரி அப்பியிருந்தது. சௌடம்மாள் செம்புக்குள் விரலை நனைத்து அதைத் தேய்த்தாள். கறுப்பு நீர் கழுத்தோரம் இறங்கியது, புறங்கையால் வழித்தாள். அந்தப் பக்கம் முடிந்ததும், தாடையைத் தொட்டு முகத்தை மெல்லத் திருப்பி, அடுத்த காதைத் துடைக்கத் தொடங்கினாள்.