கூண்டுக்குள் பத்து நிமிடம்

மூச்சைப் பார்க்க வேண்டுமாம், பிடிக்கக் கூடாதாம், தள்ளக் கூடாதாம், வருவது வரட்டும் போவது போகட்டும் என்று வேடிக்கை பார்த்தால் போதுமாம்... சொல்வதற்கென்ன, அந்த ஆலோசகர் பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது, ஒரே ஒரு மகளை வளர்த்து வேற்றூருக்கு வேலைக்கு அனுப்பியிருந்தால் தெரியும். இவள் கண்களை இன்னும் இறுக்கி மூடினாள். இறுக்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தாளே, சரி, தளர்த்தினாள். மதியச் சாப்பாட்டு நேரம். காது பரிசோதிக்கும் இந்தச் சத்தம் புகாத அறையைக் கூண்டு என்றுதான் மருத்துவமனையில் எல்லோரும் சொல்வார்கள், பத்தொன்பது வருடமாகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஊரார் காதைச் சோதித்தவள், மூன்று வாரமாகத்தான் இந்தப் பக்கம் நோயாளியின் நாற்காலியில் உட்கார்கிறாள். கைப்பேசி வெளியே மேசை இழுப்பறையில். அதுதான் பெரிய காரியம். திங்கட்கிழமை சுண்டு சொல்லிவிட்டாள், “அம்மா, ஒரு நாளைக்குப் பதினாலு தடவை கூப்பிட்டா நான் எப்படிம்மா வேலை பாக்குறது? ஞாயித்துக்கிழமை நானே கூப்பிடுறேன். அதுக்குள்ள நீ கூப்பிட்டா, அப்புறம் நான் எடுக்கவே மாட்டேன்.” கத்தியிருந்தால் பரவாயில்லை. சுண்டு கத்தினால் மறுநாளே மறந்துவிடுவாள், மெல்லச் சொன்னால் செய்துவிடுவாள், பெற்றவளுக்குத் தெரியாதா. இன்று வியாழன்.

மூச்சு... உள்ளே, வெளியே, தொண்டையோடு திரும்பிவிடுகிறது, வயிற்றுப் பக்கமே போவதில்லை, அங்கே மழை பெய்கிறதோ, குடை எடுத்துப் போனாளோ, போன மாதம் இருமல் இருந்ததே... எண்ணம் வந்தால் உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள், வந்தது என்று மட்டும் குறித்துக்கொண்டு மூச்சுக்குத் திரும்புங்கள் என்றாள் அந்தப் பெண். வந்தது. திரும்பினாள். முதல் வாரம் ஒரே நிமிடத்தில் கதவைத் திறந்துகொண்டு ஓடி இழுப்பறையை இழுத்தவள்தான். இப்போதும் படபடப்பு வருகிறது, ஆனால் ஓடாமல் கூடவே உட்கார்ந்திருந்தால் சற்று நேரத்தில் அதுவாகவே போய்விடுகிறது, இதை யாராவது இருபது வருடத்துக்கு முன்னால் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? காலையில் வந்த ஓய்வுபெற்ற தபால்காரர் இதே நாற்காலியில்தான் இருந்தார், காதில் ஹெட்போன், கையில் பொத்தான், சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். இவள் சத்தமே கொடுக்கவில்லை, அவர் அழுத்தினார், மறுபடி அழுத்தினார். ஐயா, கேட்டா மட்டும் அழுத்துங்க என்றதற்கு, “கேட்ட மாதிரி இருந்துச்சும்மா. விட்டுடுவோமோன்னு பயம்” என்றார். காதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது அவருக்கு. இப்படிப் பயந்து அழுத்துகிறவர்களைப் பற்றிச் சொல்லிச் சொல்லி எத்தனை வருடம் சிரித்திருக்கிறாள், சிரிக்கிற மூஞ்சியைப் பார்.

உள்ளே... வெளியே... இப்போது கொஞ்சம் நீளமாக, வயிறு அசைகிறது. எங்கே கேட்டிருக்கிறோம் இப்படி ஒரு மூச்சை? அந்தப் பழைய வீடு, ஒரே அறை, ஜன்னலோரம் ஒரே மெத்தை, சுண்டுவின் அப்பா கப்பலில், வருடத்தில் பத்து மாதம் வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். தலை குளித்த ஈரம் காயாமல் படுத்திருக்கும் சுண்டு, தலையணையடியில் பென்சில் சீவல், பள்ளிச் சட்டையின் சோப்பு வாசனை... எவ்வளவு நன்றாக இருந்தது, அந்த நாட்களைத் திருப்பித் தருவதாக யாராவது சொன்னால் கூரை ஒழுகலையும் சேர்த்து வாங்கிக்கொள்வாள். தினமும் விளக்கை அணைத்ததும் குழந்தையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பாள், பிறந்த பதினோராம் நாளில் தொடங்கிய பைத்தியம், எட்டாம் வகுப்புவரை விடவில்லை. சுடச்சுட மூச்சு விரலில் பட்டு, இழுத்து விடும் சத்தமும் காதில் விழுந்தால்தான் இவளுக்குத் தூக்கம். அந்தச் சத்தம் அப்படியே ஞாபகம் இருக்கிறது, காதுதானே பிழைப்பு, ஒன்றுபோல் ஒன்று, அதே நீளம், அதே இடைவெளி, நன்றாகக் கேட்கும்படி...

ஒன்றுபோல் ஒன்றா? தூங்குகிற குழந்தை அப்படியா மூச்சு விடும்? கைக்குழந்தை நாட்களில் அப்படி இல்லையே, நடுவில் தடுக்கும், ஒரு பெருமூச்சு வரும், சில சமயம் கேட்கவே கேட்காது, அதனால்தானே விரலே வைத்தாள். பிறகு எப்போது அது இப்படி அளந்து வைத்ததுபோல் ஆனது? இவள் கை கிட்டே போனதும் தொடங்குமே... சுண்டு தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, அம்மாவுக்குக் கேட்கட்டும் என்று விட்ட மூச்சு அது. ஆறு வயதிலிருந்தா, ஐந்திலிருந்தா? அம்மா தூங்கிய பிறகு அந்தக் குழந்தை எப்போது தூங்கியதோ. அப்படியானால், கூப்பிட்டபோதெல்லாம் “நான் நல்லா இருக்கேம்மா” என்றாளே, அதே அளவில், அதே நிதானத்தில், ஒரு நாளைக்குப் பதினாலு தடவை, அது? கண்ணாடியை யாரோ தட்டினார்கள், அடுத்த நோயாளி வந்திருக்க வேண்டும், இவள் எழுந்திருக்கவில்லை.